பேர் சொல்லிக் கூப்பிட்ட விமானம்



தலைக்கு மேல் விமானம் பறந்தால் நீங்கள் அண்ணாந்து பார்ப்பதுண்டா? இந்தக் காலத்தில் யார் பார்க்கிறார்கள் என்பீர்கள். எண்பது வயதைத் தாண்டிய நான் இன்னமும் பார்க்கிறேன். அதற்குக் காரணம் என் பாட்டி.

1953ஆம் ஆண்டு எனக்குப் பத்து வயது. அவசரகாலம். எங்கள் தோட்டத்து லயங்களைச் சுற்றி முள்கம்பி வேலி. பால் வெட்டப் போகிறவர்களைக் கேட்டில் சோதித்துத்தான் வெளியே விடுவார்கள். ஒரு பிடி சோறுகூடக் கொண்டு போகக் கூடாது. வேலிக்கு அப்பால் காடு. காட்டுக்கு மேலே அடிக்கடி விமானங்கள்.

கேட்டில் காவலுக்கு நின்ற மலாய்க்கார அபாங் ஒருவர்தாம் எனக்கு விமான வாத்தியார். "முதலில் எஞ்சினை எண்ணு. பிறகு வாலைப் பார். அப்புறம் இறக்கை உடம்பில் எந்த இடத்தில் சேர்கிறது என்று பார்" என்பார். ஒரே எஞ்சின், தலைக்கு மேலே இறக்கை, மரங்களை உரசுவது போலப் பறந்தால் அது ஆஸ்டர். இரண்டு எஞ்சின், ஒற்றை வால், வயிற்றோடு சேர்ந்த இறக்கை என்றால் டகோட்டா. நான்கு எஞ்சினும் பின்னால் இரட்டை வாலும் இருந்தால் லிங்கன், குண்டு போடுகிற விமானம். சில நாட்களில் சத்தத்தை வைத்தே சொல்லிவிடுவேன். லயத்துப் பிள்ளைகளிடையே எனக்கு அதில் பெரிய பேர்.

பாட்டிக்கு மட்டும் எல்லாமே ஒன்றுதான். சத்தம் கேட்டதும் அடுப்பை அப்படியே விட்டுவிட்டுக் கட்டிலுக்கடியில் புகுந்துகொள்வார். ஜப்பான்காரன் காலத்துப் பயம். "பாட்டி, இது டகோட்டா! காட்டிலிருக்கும் பட்டாளத்துக்கு அரிசி மூட்டை போடுகிற விமானம்" என்று நான் கத்துவேன்.

டகோட்டாவுக்கு எஞ்சின் ஒன்றுக்கு ஏறக்குறைய 1,200 குதிரைச் சக்தி. வேகத்தில் பெரிய சூரன் அல்ல. ஆனால் மெதுவாகப் பறந்தாலும் தடுமாறாது. மூட்டை போடுவதற்கு அதுதானே வேண்டும்?

ஒலிபெருக்கி கட்டிய டகோட்டாவும் வரும். காட்டிலிருப்பவர்களைச் சரணடையச் சொல்லி வானத்திலிருந்தே பேசும். சில வேளைகளில் ஆள் பேரைச் சொல்லியும் அழைக்கும். ஒருநாள் இதைப் பாட்டிக்கு விளக்கினேன். கட்டிலுக்கடியிலிருந்து எழுந்து வந்து என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"பேர் சொல்லிக் கூப்பிடுதா? அப்படின்னா உன் மாமன் பேரையும் சொல்லிக் கூப்பிடச் சொல்லுடா. எந்தக் காட்டிலே இருந்தாலும் அவன் காதிலே விழுமில்லே?"

என் தாய்மாமாவைச் சயாம் ரயில் பாதை போட ஜப்பான்காரர்கள் கொண்டு போனார்கள். அவர் திரும்பவில்லை. ஒரு கடிதாசியும் வரவில்லை. எனக்கோ பத்து வயது. "சயாம் எங்கே, இந்தக் காடு எங்கே!" என்று விழுந்து விழுந்து சிரித்தேன். பாட்டி ஒன்றும் பேசாமல் அடுப்பங்கரைக்குப் போய்விட்டார். அதற்குப் பிறகு விமானச் சத்தம் கேட்டால் அவர் ஒளியவில்லை. வாசலில் வந்து நின்று காது கொடுத்துக் கேட்பார். நான் சிரித்த சிரிப்பு இன்னும் என்னை உறுத்துகிறது.

2012ஆம் ஆண்டு வந்த செய்தி ஒன்று அந்தப் பழைய வலியைக் கிளறிவிட்டது. நெகிரி செம்பிலானில் தெலாப்பாக் பூரோக் என்றொரு மலை உண்டு. 1945 ஆகஸ்டு 23ஆம் தேதி, லிபரேட்டர் ரகத்துப் பிரிட்டிஷ் விமானம் ஒன்று அங்கே விழுந்தது. ஜப்பான் பணிந்து எட்டு நாள்தான் ஆகியிருந்தது. இந்துமாக்கடலின் கோக்கோஸ் தீவிலிருந்து ஏறக்குறைய 1,100 மைல் பறந்து, காட்டிலிருந்த வீரர்களுக்குப் பொருள் போட வந்த விமானம் அது. எட்டுப் பேரும் மாண்டனர்.

லிபரேட்டர் நெடுந்தூரம் பறக்கும். டகோட்டாவைப் போல இரண்டு பங்கு கனம். பொருள் போடுவதென்றால் தாழ இறங்கியாக வேண்டும். மேகத்துக்குள் மலை எதிர்ப்பட்டால், அத்தனை கனத்தைத் தூக்கிக்கொண்டு சட்டென்று மேலே ஏற முடியாது. நம் மலைநாட்டில் பொருள் போடும் வேலையின் ஆபத்தே இதுதான்.

காட்டில் கிடக்கும் சிதைவு எந்த விமானத்தினுடையது என்று எப்படிக் கண்டுபிடிப்பது? எஞ்சினை மட்டும் பார்த்தால் ஏமாந்துபோவோம். பதினான்கு சிலிண்டர்கள் வட்டமாக இரண்டு வரிசையில் அமைந்த ஒரே ரக எஞ்சின்தான் டகோட்டாவுக்கும் லிபரேட்டருக்கும். நான்கு எஞ்சினா, இரட்டை வாலா என்று பார்த்து, கடைசியில் விமானத்தின் எண்ணைத் தேட வேண்டும். இந்த விமானத்தின் எண் கே.எல். 654. எண் தெரிந்துவிட்டால் அதில் ஏறியவர்களின் பெயர்ப் பட்டியலும் உண்டு. 67 ஆண்டுகளுக்குப் பிறகு, 2012 அக்டோபர் 18ஆம் தேதி, கோலாலம்பூர் செராஸ் சாலைப் போர்க் கல்லறையில் இராணுவ மரியாதையுடன் அவர்களை அடக்கம் செய்தார்கள்.

படித்துவிட்டு அழுதேன், வாசகர்களே. அந்த எட்டுப் பேருக்கும் அந்த மரியாதை தகும். அதில் எனக்குக் குறையில்லை. ஆனால் நம் தோட்டங்களிலிருந்து சயாமுக்குப் போய் மாண்ட பல்லாயிரம் பேருக்கு எண் ஏது? பட்டியல் ஏது? காஞ்சனபுரிப் போர்க் கல்லறையில் வெள்ளைக்காரச் சிப்பாய்களுக்குப் பெயர் பொறித்த கற்கள் வரிசை வரிசையாக இருக்கின்றன. என் மாமாவுக்கு ஒரு கல்லும் இல்லை.

உங்கள் வீட்டிலும் சயாமுக்குப் போனவர் ஒருவர் இருந்திருக்கலாம். பெரியவர்கள் உயிரோடிருக்கும்போதே கேளுங்கள். பெயர், தகப்பனார் பெயர், எந்தத் தோட்டம், எந்த ஆண்டு போனார் என்பதையெல்லாம் ஒரு நோட்டில் எழுதி வையுங்கள். நான் என் மாமாவின் பெயரை எழுதிவிட்டேன். பேரப்பிள்ளைகளை உட்காரவைத்து அதை உரக்கப் படிக்கச் சொன்னேன்.

பாட்டி கேட்டது அவ்வளவுதானே?