கறுத்த பஞ்சு

உங்கள் வீட்டில் எப்போதாவது மீன் தொட்டி இருந்திருந்தால் இந்த வசனத்தை நீங்கள் கேட்காமல் இருந்திருக்க முடியாது. ‘போனா போவுது. வீட்டுக்கு வர வேண்டிய கெட்டது அதோட போச்சு.’

கவனித்துப் பாருங்கள். நம் ஊர் மீன் தொட்டிக்குள் இயற்கை மரணம் என்ற ஒன்றே கிடையாது. எல்லாமே உயிர்த் தியாகம்தான். அப்பாவுக்கு வர இருந்த ஆக்சிடெண்ட்டை வாங்கிக்கொண்டு ஒரு கோல்ட் ஃபிஷ் போகும். அண்ணனின் அரியர்ஸைச் சுமந்துகொண்டு ஒரு ஏஞ்சல் போகும். (அரியர்ஸ் மட்டும் எப்படியோ திரும்பி வந்துவிடும்.) போதாத குறைக்கு வாஸ்து மீன் என்று ஒன்று. அதற்கு இதுவே முழுநேர உத்தியோகம்.

ஆறுதலுக்குச் சொல்கிற வார்த்தைதான். ஆனால் அதோடு விசாரணை முடிந்துவிடுகிறது. ஆறு மீனும் போய்ச் சேர்ந்த பிறகு தொட்டியைப் பளபளவென்று தேய்த்துக் கழுவி, புதுத் தண்ணீர் ஊற்றி, புது மீன் வாங்கி விடுகிறோம். பத்தே நாளில் அடுத்த தியாகம். மாதத்துக்கு ஆறு கண்டம் தேடி வருகிற அளவுக்கு நாமெல்லாம் அவ்வளவு பெரிய ஆளா, சொல்லுங்கள்?

மீன் ஏன் செத்தது என்பதற்கு மிகச் சாதாரணமான ஒரு பதில் இருக்கிறது. பெரும்பாலும் அதன் பெயர் அமோனியா.

மீன் செவுள் வழியாக ஓயாமல் அமோனியாவை வெளியேற்றிக்கொண்டே இருக்கிறது. தின்னாமல் விட்டு ஊறிப்போன தீனி, கழிவு, அழுகிய இலை எல்லாம் அதே கணக்கில்தான் வந்து சேரும். நான் பி.காம். படித்தவன். எனக்கு எதைப் பார்த்தாலும் பேரேடு மாதிரிதான் தெரியும். நீங்கள் தொட்டிக்குள் போடும் ஒவ்வொரு சிட்டிகைத் தீனியும் ஒரு பற்று. அதற்கு எங்காவது ஒரு வரவு எழுதியாக வேண்டும். ஏரி என்றால் எழுத ஆயிரம் இடம். ஒன்றரை அடித் தொட்டியில்? கணக்கு மீன் தலையில்தான் விடியும்.

நம் ஊரில் இன்னொரு சிக்கலும் உண்டு. தண்ணீரின் காரத்தன்மையும் சூடும் ஏற ஏற அமோனியாவின் விஷம் கூடும். பி.எச். அளவு 7லிருந்து 8க்குப் போனால் விஷமாக நிற்கும் பங்கு கிட்டத்தட்ட பத்து மடங்கு ஆகிவிடும். சித்திரை வெயில், காரத்தன்மை தூக்கலான போர் தண்ணீர், நிறையத் தீனி போடும் அன்பான குழந்தைகள். மீனுக்கு வேறென்ன கண்டம் வேண்டும்?

சரி, இந்த அமோனியாவை யார் வாங்கிக்கொள்வார்கள்? பாக்டீரியாக்கள். ஒரு கூட்டம் அமோனியாவைத் தின்று நைட்ரைட் ஆக்குகிறது. அதுவும் விஷம்தான். மீனின் ரத்தம் ஆக்சிஜனைச் சுமக்க முடியாமல் செய்துவிடும். இன்னொரு கூட்டம் அந்த நைட்ரைட்டை நைட்ரேட் ஆக்குகிறது. இது பரவாயில்லை, கொஞ்சம் இருந்தாலும் மீன் தாங்கும். இரண்டு வேலையையும் ஒரே பாக்டீரியா செய்யும் என்று 2015ல்தான் கண்டுபிடித்தார்கள். நைட்ரோஸ்பைரா என்கிற வகை. அதே ஆண்டு இரண்டு ஆராய்ச்சிக் குழுக்கள் தனித்தனியே அறிவித்தன. அதில் ஒரு குழுவுக்கு அது அகப்பட்ட இடம், மீன் வளர்க்கும் பண்ணையின் ஃபில்டர்!

இந்தக் கூட்டம் தண்ணீரில் சும்மா மிதந்துகொண்டு குடித்தனம் நடத்தாது. ஒட்டிக்கொள்ள ஒரு பரப்பு வேண்டும், ஆக்சிஜனோடு தண்ணீர் ஓடிக்கொண்டே இருக்க வேண்டும். அந்த வீடுதான் ஃபில்டர். நாம் நினைப்பது போல அது அழுக்கைப் பிடித்து வைக்கும் வடிகட்டி மட்டும் இல்லை.

மனிதர்களுக்கும் இதே வித்தையைச் செய்திருக்கிறார்கள். 1829ல் லண்டன் செல்சீயில் ஜேம்ஸ் சிம்ப்சன் என்ற எஞ்சினியர் மணல் படுகை வழியாகத் தேம்ஸ் தண்ணீரை மெல்ல இறக்கிச் சுத்தம் செய்து காட்டினார். சென்னைக்கு 1914ல் கீழ்ப்பாக்கத்தில் அந்த மாதிரி மணல் வடிகட்டிகள் வந்தன. மணல் சுத்தம் செய்கிறது என்றுதான் எல்லோரும் நினைத்தார்கள். உண்மையில் மணலுக்கு மேலே படிகிற வழவழப்பான ஒரு படலம் இருக்கிறதே, பார்த்தால் அருவருப்பாக இருக்குமே, முக்கால்வாசி வேலை அதனுடையது. அதில் குடியிருப்பதும் நுண்ணுயிர்கள்தான்.

ஒரு கட்டுரைக்காகக் கொளத்தூர் பக்கம் சுற்றிக்கொண்டிருந்தேன். வட சென்னையின் அந்தப் பகுதி வண்ண மீன்களுக்குப் பேர் போனது என்று உங்களுக்குத் தெரிந்திருக்கும். ஒரு வீட்டு மொட்டை மாடி முழுக்க சிமெண்ட் தொட்டிகள். ஒவ்வொன்றிலும் ஒரு பைப், அதன் அடியில் ஒரு பஞ்சு உருளை, மேலே புளுக் புளுக்கென்று குமிழி. பஞ்சு ஒவ்வொன்றும் கரி பூசினது போல் இருந்தது. ‘இதெல்லாம் மாத்த மாட்டீங்களா?’ என்றேன்.

பெரியவர் என்னைப் பார்த்த பார்வையில் இரக்கம் இருந்தது. ‘கறுத்தாத்தான் சார் அது வேலை செய்யுதுன்னு அர்த்தம். வெள்ளையா இருந்தா இன்னும் ஆள் வரலைன்னு அர்த்தம்.’

இனி செய்முறை. முக்கால் இஞ்ச் பி.வி.சி. பைப்பில், தொட்டியின் உயரத்தைவிட ஓரிரண்டு இஞ்ச் குறைவாக ஒரு துண்டு. கீழ் முனைக்கு ஒரு மூடி. எண்ட் கேப் என்று கேட்டால் ஹார்டுவேர் கடையில் கொடுப்பார்கள். அடியிலிருந்து நாலு இஞ்ச் வரைக்கும் சுற்றிலும் ஓட்டைகள். டிரில் இல்லையென்றால் இடுக்கியில் பிடித்துச் சூடு காட்டிய ஆணி போதும், ஜன்னலைத் திறந்து வைத்துக்கொள்ளுங்கள். அந்த நாலு இஞ்சையும் மூடுகிற மாதிரி ஒரு பஞ்சு. நடுவில் கத்தியால் கீறி, பைப்பை அதில் செருகி, நைலான் நூலால் கட்டுங்கள். ஏர் மோட்டாரின் ட்யூபைப் பைப்பின் மேல் வாய் வழியாக உள்ளே விட்டுப் பஞ்சு மட்டம் வரை இறக்குங்கள். அவ்வளவுதான்.

காற்றுக் குமிழிகள் பைப்புக்குள் மேலே ஏறும்போது தண்ணீரையும் தூக்கிக்கொண்டு போகும். போன தண்ணீரின் இடத்துக்குப் பஞ்சு வழியாக வேறு தண்ணீர் வரும். ஆகப் பெரிய செலவு மோட்டார்தான். மிச்சமெல்லாம் வீட்டுப் பரணிலேயே அகப்படலாம். புதுப் பஞ்சு மிதக்கும். தண்ணீருக்குள் வைத்து நன்றாகப் பிழிந்துவிட்டு, ஒரு சின்ன மண் சட்டியில் கூழாங்கல் போட்டு அதில் நிற்க வையுங்கள். கூழாங்கல்லின் மேல் கொஞ்சம் எலுமிச்சைச் சாறு விட்டுப் பாருங்கள். நுரைத்தால் அது சுண்ணாம்புக் கல். தண்ணீரின் காரத்தைக் கூட்டும், வேண்டாம். பாத்திரம் தேய்க்கிற பஞ்சும் வேண்டாம். சிலவற்றில் கிருமிநாசினி சேர்த்திருப்பார்கள். நாம் குடி வைக்கப் போவதே கிருமியைத்தான்.

இவ்வளவையும் செய்து, அன்றைக்கு மாலையே மீன் வாங்கி விட்டால் என்ன ஆகும்? செத்துப் போகும். வீடு கட்டியாகிவிட்டது, ஆள் இன்னும் வரவில்லையே!

எங்கள் அபார்ட்மெண்ட்டில் மூன்றாவது மாடிப் பெண்ணுக்கு எட்டு வயது. பிறந்த நாளுக்கு வந்த தொட்டி. மூன்று தடவை மீன் வாங்கி, மூன்று தடவையும் மொத்தமாகப் போயிற்று. மூன்றாவது தடவை அதன் பாட்டி வழக்கமான வசனத்தோடு இன்னொரு வரியும் சேர்த்துவிட்டார். ‘இவ கைக்கு உயிர் தங்காது போல.’ விளையாட்டாகச் சொன்னதுதான். அந்தக் குழந்தை இரண்டு நாள் கழித்து லிஃப்ட்டில் என்னைக் கேட்டது. ‘அங்கிள், நான் ராசியில்லாதவளா?’

மீன் செத்தால் மீன் மட்டும்தான் சாகிறது என்று நினைத்துக்கொண்டிருக்கிறோம்.

அந்த ஞாயிற்றுக்கிழமை பைப்பும் பஞ்சுமாக மூன்றாவது மாடிக்குப் போனேன். குழந்தை ஆணி அடித்த ஓட்டைகளை எண்ணிக்கொண்டிருந்தது. பாட்டிக்கு நைட்ரேட், நைட்ரைட் என்று சொல்லப் போனால் நமக்கே நாக்கு குழறும். ஆகவே நான் கேட்டது இதுதான். ‘பாலைக் காய்ச்சி வெச்சா தானா தயிர் ஆயிடுமாம்மா?’

‘அதெப்படித் தம்பி ஆகும்? உறை மோர் ஊத்த வேணாமா?’

‘ஊத்தின உடனே?’

‘ஒரு ராத்திரியாவது ஆவணும்ல.’ சொல்லிவிட்டுத் தொட்டியைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். ‘இதுக்கும் அப்பிடித்தானா? அப்ப இத்தனை நாளா பாலை வெச்சுக்கிட்டுத் தயிரைத் தேடியிருக்கோம்.’

இதைவிடத் தெளிவாக நான் எந்தப் புத்தகத்திலும் படித்ததில்லை.

கொளத்தூர்ப் பெரியவரிடம் ஒரு பழைய பஞ்சு கேட்டு வாங்கி, அதே தண்ணீரில் நனைத்து, கவரில் போட்டு எடுத்து வந்தோம். அதைப் புதுப் பஞ்சின் மேல் பிழிந்ததும் தொட்டி கலங்கிப் போனது. பாட்டி முகம் சுளிக்கவில்லை, உறை மோர் அல்லவா! மீன் இல்லாத தொட்டியில் தினம் ஒரு சிட்டிகைத் தீனி மட்டும். அது அழுகி அமோனியா வர வேண்டும், வந்த ஆட்கள் சாப்பிட வேண்டும். பழைய பஞ்சு கிடைக்காவிட்டால் இதற்கு நாலிலிருந்து ஆறு வாரம் பிடிக்கும். கிடைத்தால் சீக்கிரம் முடியலாம். அமோனியாவையும் நைட்ரைட்டையும் பார்க்கிற சொட்டு மருந்து டப்பா மீன் கடையிலேயே இருக்கிறது. இரண்டும் சைபர் என்று காட்டினால் மீன் விடலாம். அதுவும் ஒரேயடியாக இல்லை, இரண்டு மூன்றாக.

குழந்தை தினமும் காலண்டரில் பெருக்கல் குறி போட்டது. இருபத்தாறு குறி. அப்புறம் மூன்று கப்பிகள் வந்தன. இரண்டாவது மாதம் தொட்டியில் குட்டிகள். நாலு மாதம் கழித்து ஒரு கப்பி செத்துக் கிடந்தது. நான் போனபோது குழந்தை அழுதுகொண்டுதான் இருந்தது. ஆனால் அழுகைக்கு நடுவே அம்மாவிடம் கேட்ட கேள்வி வேறு. ‘தண்ணி மாத்தி எத்தனை நாளாச்சும்மா?’

எனக்கு அது போதும்.

உங்களுக்கு இன்னும் சில விஷயங்கள் சொல்ல வேண்டும். பஞ்சில் தண்ணீர் இறங்கச் சிரமப்பட்டால் மட்டும் கழுவுங்கள். குழாயடியில் கூடாது. கார்ப்பரேஷன் தண்ணீரில் இருக்கிற குளோரின், குடி வந்த அத்தனை பேரையும் காலி பண்ணிவிடும். தொட்டித் தண்ணீரையே ஒரு பக்கெட்டில் எடுத்து, அதில் இரண்டு தடவை பிழிந்தால் போதும். கறுப்பு போகக் கூடாது.

வாரம் ஒரு முறை கால்வாசித் தண்ணீரை மட்டும் மாற்றுங்கள். முந்தின நாளே பிடித்து வைத்த தண்ணீராக இருக்கட்டும். அவசரம் என்றால் ஹைப்போ, அதுதான் கடையில் ஆன்டி குளோரின் என்று தருவது, ஒரு துளி. மிஞ்சுகிற நைட்ரேட்டுக்கு ஒரு மணி பிளான்ட் கொடியின் வேரைத் தண்ணீருக்குள் தொங்க விடுங்கள். அதற்கு அது உரம். கடைக்காரர்கள் கொஞ்சம் கல் உப்பு போடச் சொல்வார்கள். அது மூட நம்பிக்கை இல்லை. உப்பில் உள்ள குளோரைடு, செவுள் வழியே நைட்ரைட் ஏறாமல் தடுக்கிறது.

ஏர் மோட்டாரைத் தண்ணீர் மட்டத்துக்கு மேலேதான் வைக்க வேண்டும். கீழே வைத்தால், கரண்ட் போகும்போது தண்ணீர் ட்யூப் வழியாக இறங்கி மோட்டாருக்குள் போய்விடும். மணிக்கணக்கில் கரண்ட் இல்லாவிட்டால் ஒரு குவளையால் மொண்டு உயரத்திலிருந்து திரும்ப ஊற்றுங்கள். மீனுக்கும் பஞ்சுக்கும் அது மூச்சு. அன்றைக்குத் தீனி வேண்டாம்.

இதில் கஷ்டமான வேலை எதுவும் இல்லை, காத்திருப்பதைத் தவிர. அதைக் கடையில் விற்பதில்லை. விற்றால் கடைக்காரருக்கு மீன் வியாபாரம் படுத்துவிடும்.

ஆகவே, வருகிற ஞாயிறு ஹார்டுவேர் கடைக்குப் போங்கள். பைப் வாங்குங்கள், மூடி வாங்குங்கள், நல்ல பஞ்சாகப் பார்த்து வாங்குங்கள். குழந்தைகளையும் கூட்டிக்கொண்டு போங்கள். மீனை மட்டும் அன்றைக்கு வாங்காதீர்கள்.