தார் மேல் ஊற்றிய தண்ணீர்

புதுச்சேரியில், சென்னைக்குக் கிழக்குக் கடற்கரைச் சாலையில் போகும் ஈ.சி.ஆர். பஸ் ஏறியதும் கண்ணை மூடிக்கொள்வேன். மரக்காணத்து உப்பளம் வெயிலில் பளீரென்று அடிக்கும்போது ஒருமுறை விழிப்பேன். வழியில் வரும் மாமல்லபுரத்தைப் பற்றி எழுத ஆயிரம் பேர் இருக்கிறார்கள். முட்டுக்காட்டுப் பாலத்தில் கழிமுகக் காற்று முகத்தில் அடித்த பிறகுதான் நிமிர்ந்து உட்காருவேன். அங்கிருந்து ஊர் வாசனை தொடங்கிவிடும்.

இஞ்சம்பாக்கத்தில் சோழமண்டலம் ஓவியர் கிராமம் இருக்கிறது. 1966-ல் கே.சி.எஸ். பணிக்கரோடு சேர்ந்த ஓவியர்கள் பாத்திக் துணி போட்டு விற்ற காசில் வாங்கிய மணல்மேடு அது. கொஞ்சம் தள்ளி வி.ஜி.பி. பொழுதுபோக்குப் பூங்காவில், மீசை முறுக்கிய சிலை மனிதர் இமைகூட அசைக்காமல் நிற்பார். அவரைச் சிரிக்க வைக்க முயன்று தோற்காத பிள்ளை எங்கள் பள்ளியில் இல்லை. நீலாங்கரை, பாலவாக்கம். அடுத்து எங்கள் கொட்டிவாக்கம்.

விடியலில் இங்கே இறங்கிப் பாருங்கள். பந்தய சைக்கிள்காரர்கள் கூட்டமாகப் பறப்பார்கள். அதே சாலையோரத்தில் மீனவர் குப்பத்து அக்காக்கள் அன்னக்கூடையை இறக்கி சங்கராவையும் நெத்திலியையும் தார்ப்பாயில் பரப்புவார்கள். ஒரு பசு சாலை நடுத்திட்டில் படுத்து அசைபோடும். கூழ்வண்டி அருகே ஆட்டோக்காரரும் கம்ப்யூட்டர் கம்பெனிப் பையனும் ஒரே தட்டிலிருந்து மோர்மிளகாய் எடுப்பார்கள். இத்தனையும் நூறடிக்குள் நடக்கும்.

சாலைக்குக் கிழக்கே குப்பம், மேற்கே எங்கள் தெரு. மீனும் கொடுக்கல் வாங்கலும் கல்யாணமும் சாவும் இந்தச் சாலையைக் குறுக்கே கடந்துதான் நடந்தன. 2004 டிசம்பர் 26 காலை சுனாமியில் கடல் ஏறி வந்தபோது, குழந்தைகளை இடுப்பில் தூக்கிக்கொண்டு ஓடிவந்த குப்பத்து ஜனம் மூச்சு வாங்கியது இந்தத் தார் மேல்தான்.

மாசி மகம் வந்தால் எங்கள் அம்மன் தீர்த்தவாரிக்குக் கடலுக்குப் போவாள். ஒரு வருஷம் நடந்தது இது; அப்போது நான் ஐந்தாம் வகுப்பு. சாலை இரண்டு பஸ் உரசிக்கொள்ளும் அகலம், ஓரமெல்லாம் சவுக்கு. மாசி வெயிலில் தார் இளகியிருக்கும். சாமி தூக்குகிறவர்கள் வெறுங்காலோடு கடக்க வேண்டும். அதனால் தெருப் பெண்கள் குடங்களோடு முன்னாடியே போய்விடுவார்கள். ஆயா என் கையில் ஒரு சொம்பைக் கொடுத்து, "ஓரத்துல இருந்து ஓரம் வரைக்கும் ஊத்து கண்ணு, நடுவுல காயவிடாத" என்றாள். குடம் குடமாக ஊற்றினோம். தாரிலிருந்து ஆவி எழுந்தது. மேற்கிலிருந்து கிழக்காக ஈரப்பட்டை ஒன்று கருகருவென்று விழுந்தது. மேளம் நெருங்கியது. மாமல்லபுரம் பஸ் ஒன்று நின்றது. டிரைவர் இன்ஜினை அணைத்து, செருப்பை உள்ளேயே விட்டு இறங்கினார். பயணிகளும் இறங்கினார்கள். அம்மன் அந்த ஈரத்தின் மேல் ஆடி ஆடிக் கடந்தாள். அந்தப் பக்கம் குப்பத்துக்காரர்கள் தோள் மாற்றிக்கொள்ளக் காத்திருந்தார்கள். நட்டநடுச் சாலையில் தோள் மாறியது. டிரைவர் கற்பூரத்தைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டு, ஆயாவிடம் ஒரு சொம்புத் தண்ணீர் வாங்கிக் குடித்தார். கடற்கரையில் அம்மன் அலையில் முங்கி எழுந்ததைவிட இதுதான் எனக்கு நினைவில் நிற்கிறது.

2011-ல் கொட்டிவாக்கம் சென்னை மாநகராட்சியோடு சேர்ந்தது. திருவான்மியூரிலிருந்து அக்கரை வரை சுமார் 11 கிலோமீட்டரை ஆறு வழியாக்கும் வேலை பல ஆண்டுகளாக இழுக்கிறது. அகலப்படுத்த வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. நெரிசலில் நானும் தவிக்கிறேன். ஆனால் இந்தத் திட்டம் வடக்கு தெற்காகப் போகிறவர்களை மட்டுமே எண்ணுகிறது. கிழக்கு மேற்காகக் கடப்பவர்களை எண்ணவில்லை. கூடை சுமக்கும் அறுபது வயது அக்கா நடுத்திட்டு இடைவெளியைத் தேடி எவ்வளவு தூரம் நடப்பாள்? மண்ணையும் யாரும் எண்ணவில்லை. மழைநீரை உறிஞ்சி வைக்கும் மணலைக் கான்கிரீட்டால் மூடிவிட்டு, கோடையில் தண்ணீர் லாரிக்கு நிற்கிறோம். ஆமைகளையும் எண்ணவில்லை. ஜனவரியிலிருந்து கரையேறி முட்டையிடும் பங்குனி ஆமைகளின் குஞ்சுகள், கடல் எது என்று தெரியாமல் ஊர் வெளிச்சத்தை நோக்கி ஊர்கின்றன. தன்னார்வ மாணவர்கள் 1988-லிருந்து இரவெல்லாம் நீலாங்கரை முதல் பெசன்ட் நகர் வரை நடந்து முட்டைகளைக் காத்து வருகிறார்கள். கடக்கிறவர்களுக்காகச் செய்யப்படுகிற வேலை இந்தக் கரையில் அது ஒன்றுதான் என் கண்ணில் படுகிறது.

போன மாசி மகத்தில் அம்மனை சிக்னல் வரை சுற்றிக்கொண்டு போனோம். பச்சை விழுவதற்குள் கடக்க வேண்டும். ஊற்றிய தண்ணீர் டயர்களில் ஒட்டிக்கொண்டு போய்விட்டது. தோள் மாற்றுவது இப்போது ஒரு கடையின் கார் நிறுத்துமிடத்தில் நடக்கிறது.

கொட்டிவாக்கத்தைத் தாண்டினால் திருவான்மியூர், சாலை தொடங்குகிற இடம். அங்கே நட்டநடுவில் வான்மீகி முனிவருக்கு ஒரு சின்னக் கோயில் உண்டு. அத்தனை பஸ்ஸும் லாரியும் இருபுறமும் ஒதுங்கி, அவரைச் சுற்றித்தான் போகின்றன.