பெல்ட்டின் வால்

எங்கள் வாத்தியாரின் கூடத்தில் எடை மெஷின் கிடையாது. வருகிறவனின் அரைஞாண் கயிற்றுக்குள் இரண்டு விரலை விட்டுப் பார்ப்பார். தாராளமாக ஓடினால் "வயிறு இறங்குதுடா" என்பார். இறுக்கினால் அன்றைக்கு பஸ்கி 100 கூடும். அந்த விரலைப் பார்த்துத்தான் நான் தொழில் கற்றேன்.

மதுரையில் ஜிம் வைத்து 26 வருடம் ஆகிறது. என்னிடம் பழகுகிறவர்களில் பலர் துபாயிலும் சிங்கப்பூரிலும் வேலை பார்க்கிறவர்கள். ஒரு மாதம் என் கண்ணெதிரே இருப்பார்கள், மீதி 11 மாதம் போனில். எடையைச் சொல்வார்கள். நான் அதோடு விடமாட்டேன். "ஃபிளைட்ல பெல்ட் போட்டப்ப வால் எவ்வளவு மிச்சம் தம்பி?" என்று கேட்பேன்.

வால் என்பது கொக்கியை மாட்டி இழுத்த பிறகு தொங்குகிற நுனி. துபாய்த் தம்பி ஒருவர் முதல் வருடம் பெல்ட் எட்டாமல் கூடுதல் பெல்ட் கேட்டு வாங்கியிருக்கிறார். அதை என்னிடம் சொல்லவே அவருக்கு ஆறு மாதம் ஆனது. மறு வருடம் வால் நாலு விரற்கடை. அதற்கடுத்த வருடம் ஒரு சாண். அந்தக் கடைசி வருடத்தில் எடை 2 கிலோதான் குறைந்திருந்தது, மனிதர் சோர்ந்து போயிருந்தார். தொடையிலும் முதுகிலும் சதை ஏறி, வயிறு கரைந்திருந்ததை மெஷின் எப்படிச் சொல்லும்? பெல்ட் சொன்னது.

இந்த வேலைக்கு வருகிற தம்பிகள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். எல்லா விமானத்திலும் பெல்ட் ஒரே நீளம் இல்லை. அதே கம்பெனி, அதே ரக விமானம் என்றால்தான் போன தடவையோடு ஒப்பிடலாம். பெல்ட் வயிற்றின் மேல் ஏறாமல் இடுப்பெலும்பில் படிய வேண்டும். விமானம் கிளம்பும் முன்பே அளந்துவிட வேண்டும். மேலே போனதும் உள்ளே இருக்கும் காற்றழுத்தம் கிட்டத்தட்ட கொடைக்கானல் மலையில் இருப்பதுபோல் ஆகிவிடும். வயிற்றுக்குள் இருக்கிற வாயு விரிந்து, வயிறு உப்பும்.

பயணம் உடம்பை இப்படி மாற்றும் என்று தெரியாத காலத்தில் நான் ஒரு தப்பு செய்தேன். விடிகாலை வந்திறங்கிய ஒருவரை நேரே மெஷினில் ஏற்றினேன். ஒன்றரை கிலோ கூடியிருந்தது. கோபத்தில் சோற்றைக் குறைக்கச் சொல்லி, அன்றைக்கே ஸ்குவாட் போடவும் வைத்தேன். மூன்றாவது செட்டில் கண் இருட்டி, பாரோடு உட்கார்ந்துவிட்டார். நல்லவேளை, பின்னால் ஆள் நின்றது. வாத்தியாரிடம் போய்ச் சொன்னேன். அவர் ஒன்றும் திட்டவில்லை. அந்தத் தம்பியை வரச்சொல்லி, முழங்காலுக்குக் கீழே எலும்பின் மேல் கட்டைவிரலை வைத்து அழுத்தி எடுத்தார். குழி விழுந்து, மெதுவாக நிரம்பியது. "இது கொழுப்பில்லடா, தண்ணி" என்றார்.

மணிக்கணக்காக உட்கார்ந்தே வந்தால் காலில் நீர் கோர்க்கும். அன்றிலிருந்து நானும் கட்டைவிரலைத்தான் முதலில் வைக்கிறேன். குழி விழுந்தால் இரண்டு நாள் மெஷின் பக்கம் போகக் கூடாது, நடை மட்டும். ஒரே கால் மட்டும் வீங்கி வலித்தால் பயிற்சியே வேண்டாம், டாக்டரிடம் அனுப்பிவிடுவேன். அது ரத்தம் கட்டியதாக இருக்கலாம். அதில் விளையாடக் கூடாது.

பெல்ட்டுக்கு அடுத்தது பை. கையில் கொண்டுபோகிற 7 கிலோ பையைத் தலைக்கு மேலே இருக்கிற பெட்டியில் வைப்பதைக் கேட்டுத் தெரிந்துகொள்வேன். முதுகை வில்லாக வளைத்து, முழங்காலால் எத்தி ஏற்றினாரா? நெஞ்சுவரை கொண்டுவந்து, மூச்சை விட்டுக்கொண்டே நேராகத் தூக்கினாரா? இதற்காகவே ஜிம் மூலையில் மணல் அடைத்த பை ஒன்று வைத்திருக்கிறேன். தரையிலிருந்து நெஞ்சு, நெஞ்சிலிருந்து தலைக்கு மேல், ஐந்து தடவை.

துபாய்த் தம்பி அடுத்த வாரம் வருகிறார். பையில் மணலை 9 கிலோவாக ஏற்றி வைத்திருக்கிறேன்.