மரத்தின் அடியைப் பார்

சுங்கை சிப்புட் அருகே எங்களுக்கு இரண்டு ஏக்கர் பால்மரம் உண்டு. தோட்டத்தில் வெளிக்காட்டு வேலை செய்த அப்பா, தம் ஊழியர் சேமநிதிப் பணத்தில் வாங்கியது. நான் ஈப்போவிலிருந்து ஞாயிற்றுக்கிழமைகளில் போய்வருவேன்.

கிழமரங்களைச் சாய்த்து மறுநடவு செய்தபோதுதான் முதல் பாடம். லாரி கிடைக்காமல் மரங்கள் இரண்டு வாரம் மழையில் கிடந்தன. அறுத்தபோது வெளிர்மஞ்சள் பலகையில் நீலமும் சாம்பலும் கலந்த கறை. ரப்பர் மரத்தில் மாவும் சர்க்கரையும் அதிகம். வெட்டிய சில நாள்களிலேயே அதைத் தின்னப் பூஞ்சை வந்துவிடும். பலகையின் உறுதி பெரிதாகக் குறையாது. ஆனால் மேசை நாற்காலி செய்பவருக்கு நிறம்தானே முக்கியம்? விலை பாதியாகிவிட்டது. உடனே அறுத்து, போரக்ஸ் மருந்தேற்றி, சூளையில் உலர்த்தியிருந்தால் தப்பியிருக்கும்.

அந்த நட்டத்தை ஈடுகட்ட, அடிக்கட்டைகளைத் தோண்டியெடுக்கும் செலவை மிச்சப்படுத்தினேன். "கட்டைய மண்ணுக்குள்ள விடாதப்பா" என்று அப்பா சொன்னார். நான் கேட்கவில்லை.

மூன்றாம் ஆண்டில் இளமரங்களின் இலைகளில் பழுப்பு வட்டங்கள் தோன்றி, இலைகள் கொட்டின. 2017 முதல் நம் நாட்டில் பேசப்படும் இலையுதிர்வு நோயோ என்று பயந்து, மருந்தடிக்க ஆள் தேடினேன். அப்பா அந்த மரங்களைத் தாண்டிப்போய், இலை லேசாக மஞ்சளித்த ஒரு மரத்தின் அடியில் குந்தினார். தோட்டத்தில் வேர் பார்த்த கை அது. மண்ணை விலக்கினார். வேரோடு ஒட்டிக்கொண்டு வெள்ளை வெள்ளையாக நூல்கள்.

"இலை கொட்டுனது துளிர்க்கும். இது பக்கத்து மரத்தையும் கூட்டிட்டுப் போயிடும்" என்றார்.

வெள்ளை வேர் நோய். பழைய கட்டையில் தங்கியிருந்து, வேரும் வேரும் தொடும் இடத்தில் தாவுகிறது. மேலே இலை மஞ்சளிக்கும்போது கீழே வேர் பெரும்பாலும் அழுகியிருக்கும். நோய்கண்ட மரங்களை வேரோடு பிடுங்கினோம். சுற்றிலும் குழி வெட்டி, பக்கத்து மரங்களுக்குக் கந்தகம் போட்டோம். அப்படியும் பதினொரு மரங்கள் போயின. இலை கொட்டியவையோ பிழைத்துக்கொண்டன.

அதற்காக இலை நோயை அற்பமென்று நினைக்கக்கூடாது. 1928இல் பிரேசிலில் ஹென்றி ஃபோர்டு தொடங்கிய ரப்பர்த் தோட்டத்தில், தென் அமெரிக்க இலைக்கருகல் நோய் துளிர்க்கத் துளிர்க்க இலையை அழித்தது. திரும்பத் திரும்ப இலை இழந்த மரம் பட்டினியில் சாகும். 1945இல் ஃபோர்டு நிறுவனம் அங்கிருந்து வெளியேறியது. அந்தப் பூஞ்சை இன்னும் இங்கே வரவில்லை என்பது நம் அதிர்ஷ்டம்.

ஒன்று விலையைத் தின்கிறது, ஒன்று பாலைக் குறைக்கிறது, ஒன்று உயிரையே எடுக்கிறது. கண்ணுக்கு அதிகம் தெரிந்த நோய்க்கு நான் ஓடினேன். தெரியாததுதான் மரத்தைக் கொன்றது.

அப்பா இப்போது இல்லை. ஞாயிற்றுக்கிழமை போனால், அண்ணாந்து பார்க்கும் முன் குனிந்து மண்ணை விலக்கிப் பார்க்கிறேன்.