விளக்கை ஏற்றியவர் பெயர் தெரியும்

இலங்கையில் எந்தக் கண்காட்சியும் விளக்கேற்றாமல் திறப்பதில்லை. உச்சியில் சேவல் நிற்கும் ஆளுயரப் பித்தளை விளக்கு, வரிசையாக வந்து திரி ஏற்றும் பிரமுகர்கள், மறுநாள் பத்திரிகையில் படம். படத்துக்குக் கீழே அமைச்சர் பெயர் இருக்கும், பிரதேச செயலாளர் பெயர் இருக்கும், சில சமயம் மெழுகுதிரியை நீட்டிய பிள்ளையின் பெயர்கூட இருக்கும். விளக்கை வார்த்தவர் பெயர் மட்டும் இருக்காது. கண்டியின் கைவினைகளைப் பார்த்து எழுதப் போன எனக்கு, போன இடமெல்லாம் இந்த விஷயமே காலில் இடறியது.

முதலில் போனது குளக்கரைக்கு. தலதா மாளிகைக்கு அப்பால், சங்கராஜ மாவத்தைப் பக்கம் கண்டியக் கலைச் சங்கத்தின் மண்டபம் இருக்கிறது. கண்டி இராச்சியம் 1815இல் ஆங்கிலேயர் கைக்குப் போனது. சங்கம் 1882இல் தோன்றியது. இடைப்பட்ட அறுபத்தேழு வருடங்களில் அரண்மனையை நம்பியிருந்த பட்டறைகள் ஒவ்வொன்றாக அணைந்துகொண்டிருந்தன. மிச்சமிருந்ததைக் காப்பாற்றவும் விற்றுக்கொடுக்கவும்தான் சங்கம். இன்று வெளிநாட்டுக்காரர்கள் அங்கே வருவது பெரும்பாலும் மாலை நேர நடனத்துக்காக. பெர மேளம் அடிக்கத் தொடங்கும்வரை பொழுது போகவேண்டுமே என்று கைவினைக் கூடத்துக்குள் நுழைகிறார்கள். வெள்ளித் தட்டு, பித்தளை விளக்கு, அரக்குப் பூசிய செப்பு, பன்பாய், முகமூடி என்று எல்லாம் அடுக்கியிருக்கிறது.

கூடத்தைவிட எனக்குப் பிடித்தது அங்கே உட்கார்ந்து வேலை செய்துகொண்டிருந்த அரக்கு வேலைக்காரர்தான். கடைசல் பட்டடையில் மரத்தண்டு சுழல, அரக்குக் குச்சியை அதன்மேல் அழுத்துகிறார். உராய்வின் சூட்டிலேயே அரக்கு இளகி மரத்தைப் பிடித்துக்கொள்கிறது. தூரிகையும் இல்லை, காயவிடுவதும் இல்லை. சிவப்பு, மஞ்சள், கறுப்பு என்று பட்டை பட்டையாக ஏறுகிறது. பிறகு ஓலை நறுக்கை வைத்து அழுத்தித் தேய்க்க மினுக்கம் வருகிறது. இது கடைசல் வழி. மாத்தளைப் பக்கத்து ஹப்புவித கிராமத்தார் செய்வது இன்னொரு வழி. கரிச்சட்டியின் சூட்டில் அரக்கை இளக்கி, மெல்லிய நூலாக இழுத்து, பொருளின்மேல் கோலமாகப் படியவைத்து, பெருவிரல் நகத்தாலேயே நறுக்கிவிடுவார்கள். அதற்குப் பெயரே நக வேலை.

சுற்றி நின்றவர்கள் கைபேசியைத் தூக்கிப் பிடித்தார்கள். அவருடைய கையைத்தான் படம் எடுத்தார்கள், முகத்தை அல்ல. என் அரைகுறைச் சிங்களத்தில், "பாஸ், இது யாரிடம் பழகியது?" என்று கேட்டேன். "அப்பாவிடம். அவர் அவருடைய அப்பாவிடம்" என்றார். "இங்கே உட்கார்ந்து செய்தால் வாங்குகிறவன் நம்புகிறான். கடைக் கண்ணாடிக்குள் இருந்தால் மெஷின் செய்தது என்று நினைக்கிறான்." காட்சிப் பொருளுக்குப் பக்கத்தில் அதைச் செய்தவரும் இருக்கவேண்டும் என்பதற்கு இதைவிடச் சுருக்கமான வாதம் எனக்குத் தெரியவில்லை.

குளக்கரையைச் சுற்றியும் பேராதனைச் சாலை நெடுகவும் இருக்கும் நினைவுப்பொருள் கடைகள் வேறு ரகம். சுற்றுலாக்காரரைக் கூட்டிவரும் வழிகாட்டிக்கும் சாரதிக்கும் கமிஷன் உண்டு. அது ரகசியமே அல்ல. நான் ஏறிய த்ரீவீல்காரத் தம்பி கம்பளைப் பக்கத்துத் தோட்டத்துப் பிள்ளை. "சேர், கடைக்குப் போறீங்களா, பட்டறைக்குப் போறீங்களா? கடைன்னா எனக்குக் கமிஷன் கிடைக்கும், பட்டறைன்னா பெட்ரோல் காசு மட்டுந்தான்" என்று சிரித்தான். அவனுடைய நேர்மைக்காகவே கேட்டதற்கு மேலே கொடுத்தேன்.

பட்டறை என்று அவன் சொன்னது கிரிவவுல. பிலிமத்தலாவையிலிருந்து உள்ளே திரும்பி, எம்பெக்கே போகும் வழியில் இருக்கிறது. பிரதான வீதியிலேயே பித்தளைக் கடைகள் தொடங்கிவிடுகின்றன. உள்ளே போகப் போகக் கடை குறைந்து, தட்டும் ஓசை கூடுகிறது.

நான் உட்கார்ந்திருந்த பட்டறை வீட்டின் பின்புறத்துத் தகரக் கொட்டகை. மூலையில் மூட்டை மூட்டையாகப் பழம் பித்தளை: உடைந்த குழாய்கள், நசுங்கிய பாத்திரங்கள், யாருடைய வீட்டிலோ எரிந்து தீர்ந்த பழைய விளக்குகள். அவை மூசையில் உருகிப் புது விளக்காகின்றன. விளக்கு ஒரே வார்ப்பில் வருவதில்லை. பீடம், தண்டு, தட்டு, சேவல் என்று தனித்தனியாக மண் பெட்டியில் அச்செடுத்து வார்த்து, கடைந்து, திருகி இணைக்கிறார்கள். நுணுக்கமான உருவம் என்றால் மெழுகு வார்ப்பு. மெழுகில் உருவத்தைச் செய்து, மேலே நைந்த மண்ணைப் பூச்சுப் பூச்சாக ஏற்றி நிழலில் உலர்த்தி, சூடாக்கி மெழுகை வடித்துவிட்டு, அந்த வெற்றிடத்தில் உலோகத்தை ஊற்றுவது. மண்ணை உடைத்தால்தான் உருவம் வெளியே வரும். ஆகவே ஒரு மண்கருவுக்கு ஒரே உருவம். சுவாமிமலையில் பஞ்சலோகம் வார்ப்பதைப் பார்த்தவர்களுக்கு இதில் புதிது ஒன்றும் இல்லை.

தட்டு வேலை இன்னொரு கொட்டகையில் நடக்கிறது. குங்கிலியமும் செங்கல் பொடியும் எண்ணெயும் கலந்து காய்ச்சிய பசையில் தகட்டைப் பதித்து, சிற்றுளியால் பின்னிருந்து புடைத்து, முன்னிருந்து செதுக்குகிறார்கள். லியவெல கொடி, தாமரை, அன்னப் பின்னல், இருதலைப் பறவை. பதினேழு பதினெட்டு வயது இருக்கும் ஒரு பையன் வரைபடம் எதுவும் இல்லாமல் கவராயத்தால் நாலைந்து வட்டம் மட்டும் கீறிக்கொண்டு கொடியை ஓடவிட்டான். எங்கே தொடங்கினானோ அங்கேயே வந்து பிசகாமல் முடித்தான்.

மூத்தவரிடம் கேட்டேன்: "விளக்கின் அடியில் உங்கள் பெயரைப் பொறிக்கலாமே, பாஸ்?"

அவர் உடனே பதில் சொல்லவில்லை. அரத்தைக் கீழே வைத்தார். "பொறிக்கலாம். பொறித்தால் கடைக்காரர் எடுக்கமாட்டார். வாங்குகிறவர் அடுத்த தடவை நேரே இங்கே வந்துவிடுவார் அல்லவா?"

இந்த ஒரு பதிலில் பல புத்தகங்கள் விழுந்துபோகின்றன. கீழைநாட்டுக் கைவினைஞன் அகந்தையற்றவன், அதனால்தான் தன் பெயரை இடுவதில்லை என்று நாம் பெருமையாகச் சொல்லிவருகிறோம். அப்படிச் சொல்லக் கற்றுத்தந்தவர்களில் முதன்மையானவர் நம்மவரே: ஆனந்த குமாரசுவாமி. கொழும்பில் 1877இல் பிறந்தவர், சேர் முத்து குமாரசுவாமியின் மகன், இலங்கையின் கனிமவள ஆய்வுக்குத் தலைவராக வந்த புவியியலாளர். கல்லைத் தேடி மலைநாட்டில் அலைந்தவர் கைவினைஞர்களைக் கண்டார். தம் மனைவி எதெல் எடுத்த படங்களோடு 1908இல் 'மத்தியகாலச் சிங்களக் கலை' நூலை வெளியிட்டார். வில்லியம் மொரிஸின் அச்சு இயந்திரத்தில், தம் மேற்பார்வையிலேயே, 425 பிரதிகள். கண்டி அரசின் நான்கு பட்டறைகளான பட்டல் ஹதர, வேலைக்குப் பதிலாக நிலம் என்ற முறை, வாரிசு வழிக் கல்வி எல்லாம் அதில் இருக்கின்றன. இன்று கண்டிக் கைவினை பற்றி எழுதும் எவரும், தெரிந்தோ தெரியாமலோ, அந்த நூலிலிருந்துதான் கடன் வாங்குகிறார்கள், நானும்தான்.

பொஸ்டன் அருங்காட்சியகத்துக்குப் போனபின் 1943இல் அவர் எழுதிய நூலின் தலைப்பே 'கலைப் படைப்புகளைக் காட்சிக்கு வைப்பது ஏன்?' என்ற கேள்வி. பயன்பாட்டுக்காகச் செய்த பொருளைக் கண்ணாடிக்குள் வைத்து ரசிப்பதில் அவருக்கு நம்பிக்கை இல்லை. செய்தவன் பெயரைத் தேடுவதிலும் இல்லை. முதலாவதை ஒப்புக்கொள்கிறேன். இரண்டாவதில் அவரோடு எனக்கு வழக்கு உண்டு. அரசனின் பட்டறையில் பெயர் பொறிக்கத் தேவை இருக்கவில்லை. யார் செய்தது என்று அரசனுக்கும் தெரியும், ஊருக்கும் தெரியும், அவன் உழும் வயலே அதற்குச் சாட்சி. இன்றைய பெயரின்மை வேறு. பெயர் தெரியாமல் இருப்பதில் யாருக்கோ லாபம் இருக்கிறது.

அந்தக் காலத்தில் பெயரே இல்லை என்பதும் முழு உண்மை அல்ல. கிரிவவுலவைச் சுற்றிலும் சிறிது தூரத்துக்குள் மூன்று பழைய கோயில்கள். கடலாதெனிய 1344இல் எழுந்தது, தென்னிந்தியக் கற்றளியின் அமைப்பில். அதைக் கட்டிய தலைமைச் சிற்பி கணேஸ்வராச்சாரி என்று அங்குள்ள பாறைக் கல்வெட்டே சொல்கிறது. அதே காலத்து லங்காதிலகத்தின் பாறையில் சிங்களத்தோடு தமிழிலும் கல்வெட்டு உண்டு. நம் ஊர்க்காரர்கள் படிக்கட்டில் நின்று படம் எடுத்துவிட்டு அதைப் பார்க்காமலே திரும்பிவிடுகிறார்கள். எம்பெக்கே தேவாலயத்து மண்டபத்தின் மரத்தூண்களில் 514 செதுக்கல்கள் என்று கணக்குச் சொல்வார்கள். செய்தவர் தெல்மட முலாச்சாரி என்பது செவிவழி மரபு. கண்டிக்கு மறுபுறம் தெகல்தொறுவ குகை விகாரையில், பதினெட்டாம் நூற்றாண்டுச் சுவரோவியங்களைத் தீட்டியவர்களில் தேவரகம்பொல சில்வத்தென்னவின் பெயர் நமக்குக் கிடைத்திருக்கிறது. இந்தக் கண்டிச் சுவரோவியங்களின் கோட்டில் ஊறியவர் கண்டியில் 1901இல் பிறந்த ஜோர்ஜ் கீட். 1943இல் தோன்றிய '43 குழு'வின் முன்னணி ஓவியர். அவர் கையெழுத்துள்ள சிறு கோட்டோவியத்துக்கும் இன்று நல்ல விலை. கையெழுத்துக்கு என்ன மதிப்பு என்று சந்தைக்கு நன்றாகவே தெரியும். ஓவியருக்கு ஒரு நீதி, பித்தளை வேலைக்காரருக்கு வேறு நீதி.

பாய் நெய்பவர்களுக்கு மூன்றாவது நீதி. தும்பறைப் பக்கம், மெனிக்ஹின்னவுக்கு அண்மையில் ஹேனவலவில் நெய்யும் 'தும்பற ரட்டா கலால' பாய்கள் பெயர்பெற்றவை. கற்றாழை போல் மடல் நீண்ட ஹண செடியைக் கட்டையில் வைத்துச் சுரண்டி நாரெடுத்து, அலசி, சாயம் ஏற்றி, தரையோடு தரையாகக் கிடக்கும் தறியில் ஒவ்வொரு நாராகக் கோத்து நெய்கிறார்கள். யானை, மான், பறவை, கொடி எல்லாம் நேர்கோடுகளாலேயே உருவாகின்றன. அரசனுக்கு வரியாக இந்தப் பாய்களைக் கொடுத்தவர்கள் கின்னர சமூகத்தார். சாதிப் படிநிலையில் மிகக் கீழே வைக்கப்பட்டவர்கள். யுனெஸ்கோ 2021இல் இந்தக் கைவினையை மனிதகுலத்தின் அருவப் பண்பாட்டு மரபுரிமைப் பட்டியலில் சேர்த்தது. முன்பு சமூகத்தின் பெயரே இழிவாக இருந்தது. இப்போது அதே பெயர் உலகப் பட்டியலில். ஆனாலும் சமூகத்தின் பெயர்தான் ஏறியிருக்கிறதே தவிர, சுவரில் தொங்கும் பாயை நெய்தவர் யார் என்பது பாயை வாங்கியவருக்குத் தெரியாது. தறியில் இருந்த அக்காவிடம் பிள்ளைகள் பழகுகிறார்களா என்று கேட்டேன். "பழகினார்கள். கார்மென்ட்சுக்குப் போய்விட்டார்கள்" என்றார், கை நிற்காமல்.

2019 ஏப்ரல் குண்டுவெடிப்பு, அடுத்துக் கொரோனா, 2022 பொருளாதார நெருக்கடி என்று சுற்றுலாவை மட்டும் நம்பியவர்கள் அடுத்தடுத்து அடிவாங்கியது எல்லோருக்கும் தெரிந்த கதை. கிரிவவுலப் பெரியவர் அதில் ஒரு திருத்தம் சொன்னார். உள்ளூரில் விகாரைக்கும் கோவிலுக்கும் விளக்குச் செய்தவர்கள் தப்பித்தார்கள். கடைக்கு மட்டும் செய்தவர்கள்தான் உலையை மூடினார்கள். விகாரையும் கோவிலும் வேலையை நேரே ஒப்படைக்கின்றன; செய்பவரின் முகம் அங்குள்ளவர்களுக்குத் தெரியும்.

திரும்பும்போது த்ரீவீல் தம்பியிடம் அவனுடைய ஊர்ப்பக்கத்து அருங்காட்சியகத்தைப் பற்றிக் கேட்டேன். கம்பளைக்கு அப்பால் பரதெக்க, ஓல்ட் பீகொக் தோட்டத்தில் பழைய லயன் அறைகளைச் செப்பனிட்டு, 2007இல் சமூக அபிவிருத்தி நிறுவகம் அமைத்த தோட்டத் தொழிலாளர் அருங்காட்சியகம் அது. காமன் கூத்தையும் தப்பையும் வளர்த்த மக்களின் புழங்கு பொருட்களுக்கு ஒரு வீடு. "எங்க தாத்தா கொழுந்துக் கூடை பின்னுவாரு சேர். இப்ப எல்லாம் படங்குச் சாக்குதான்" என்றான். தாத்தாவின் பெயரைக் கேட்டேன். சொன்னான், குறிப்பேட்டில் எழுதிக்கொண்டேன்.

கண்டிக்குப் போகும் வாசகர்களுக்கு ஒரு வேண்டுகோள். பேராதனை, பிலிமத்தலாவை, கடுகன்னாவை வழியாகப் போகும் எந்தப் பஸ்ஸிலும் ஏறிப் பிலிமத்தலாவையில் இறங்குங்கள். அங்கிருந்து கிரிவவுலவுக்கு த்ரீவீல் கிடைக்கும். பட்டறையிலேயே வாங்குங்கள். விலையை அடித்துப் பேசாதீர்கள். பில் கேளுங்கள், அதில் செய்தவர் பெயரை அவர் கையாலேயே எழுதச் சொல்லுங்கள். நீங்கள் கண்காட்சி நடத்துகிறவர் என்றால், அழைப்பிதழில் விளக்கேற்றுபவர் பெயருக்குக் கீழே விளக்கு வார்த்தவர் பெயருக்கும் ஒரு வரி விடுங்கள்.