பேராதனையின் தலைகீழ்க் குடிமக்கள்

கண்டியிலிருந்து கொழும்பு வீதியில் ஏறத்தாழ 6 கிலோமீற்றர் சென்றால் பேராதனை தாவரவியல் பூங்காவை அடைந்துவிடலாம். மூன்று பக்கமும் மகாவலி கங்கை வளைத்தோட, 147 ஏக்கரில் விரிந்து கிடக்கிறது இப்பூங்கா. இதன் தொடக்கம் 1821ஆம் ஆண்டு. ஓர்க்கிட் மலர்கள், அணிவகுத்து நிற்கும் பனை வரிசைகள், ஆற்றோரத்து இராட்சத மூங்கில்கள் என்று பார்ப்பதற்கு எத்தனையோ உண்டு. பாடசாலைச் சுற்றுலாவில் ஒரு தடவையாவது இங்கு வராதவர்கள் நம்மில் குறைவு. ஆனால் வந்தவர்களில் எத்தனை பேர் அண்ணாந்து பார்த்திருப்போம்?

உயர்ந்த மரங்களின் உச்சிக் கிளைகளில், காய்ந்த மட்டைகளைக் கட்டித் தொங்கவிட்டாற்போல் ஆயிரக்கணக்கில் தொங்குகின்றன பழந்தின்னி வௌவால்கள். கீழே நின்றாலே அவற்றின் வாடை மூக்கைத் துளைக்கும். பகலில் அவை தூங்கும் என்று எண்ணினால் தவறு. ஒன்றையொன்று தள்ளிக்கொண்டு கீச்சிடுகின்றன. வெயில் ஏற ஏற, இறக்கையை விசிறியாக்கி வீசிக்கொள்கின்றன. பொழுது சாயும் வேளையில் கூட்டங் கூட்டமாகக் கிளம்பி வானத்தைக் கறுப்பாக்கிவிடும் காட்சியைப் பார்த்தவர்கள் மறக்கமாட்டார்கள்.

இறக்கையை விரித்தால் ஒரு மீற்றருக்கும் அதிக நீளம். முகமோ நரிக்குட்டியின் முகம். வௌவால் பறவையல்ல, குட்டி போட்டுப் பாலூட்டும் பிராணி. பாலூட்டிகளில் உண்மையாகவே பறக்கத் தெரிந்தது இந்த இனம் மட்டுமே. பூச்சி தின்னும் சிறு வௌவால்கள் தம் ஒலியின் எதிரொலியைக் கேட்டு வழியறியும். இந்தப் பெரிய வௌவாலோ கண்ணையும் மூக்கையும் நம்பிப் பறக்கிறது. தாய் ஆண்டுக்கு ஒரேயொரு குட்டியையே ஈனும். முதற் சில வாரங்கள் அதை மார்போடு அணைத்துச் சுமந்தபடியே இரை தேடிப் போகும். ஆகவே ஒரு தாய் மின்கம்பியில் சிக்கி இறந்தால், பெரும்பாலும் இரண்டு உயிர்கள் போகின்றன.

இலவம் பூவிலும் இலுப்பைப் பூவிலும் தேன் குடிக்க வரும்போது மகரந்தத்தைச் சுமந்து செல்வது வௌவால். அத்தி, ஆல், இலுப்பைப் பழங்களைத் தின்று விதைகளைத் தொலைவில் போடுவதும் அதுவே. யாரும் நடாத இடத்தில் ஓர் இலுப்பைக் கன்று முளைத்திருந்தால், அதை நட்டது வௌவாலாக இருக்கலாம். கூலி கேட்காத தோட்டக்காரர் என்று சொன்னால் மிகையில்லை.

ஆனால் இந்தத் தோட்டக்காரரிடம் கவனமாகவும் இருக்க வேண்டும். பூங்காவுக்கு எதிரே, ஆற்றின் அக்கரையில் இருப்பது கன்னொறுவ. இலங்கையின் பழந்தின்னி வௌவால்களின் மூளையிலிருந்து விஞ்ஞானிகள் பிரித்தெடுத்த புதிய வைரஸ் ஒன்று, 2016இல் இவ்வூரின் பெயரிலேயே உலகுக்கு அறிவிக்கப்பட்டது. அது விசர்நாய்க்கடி நோயை உண்டாக்கும் வைரஸின் உறவுக்காரன். இந்தச் செய்தியைக் கேட்டவுடன், "அப்படியானால் அந்த மரங்களையே வெட்டிவிடலாமே" என்று சிலர் சொல்லக்கூடும். அது சரியா?

மலேசியாவில் நடந்ததைப் பாருங்கள். 1998-99இல் அங்கு நிபா வைரஸ் பரவி 100இற்கும் மேற்பட்டோர் இறந்தனர். பன்றிப் பண்ணைகளையொட்டிப் பழமரங்கள் நடப்பட்டிருந்தன. பழம் தேடி வௌவால்கள் அங்கு வந்தன. அவற்றிடமிருந்து பன்றிகளுக்கும், பன்றிகளிடமிருந்து மனிதருக்கும் நோய் தாவியது. பங்களாதேஷில் ஈச்சமரத்தில் இரவு முழுவதும் சொட்டும் பதநீரை வௌவாலும் நக்கியது. காலையில் அதைக் காய்ச்சாமல் குடித்த மனிதருக்கு நோய் வந்தது. அங்கு கண்ட பரிகாரம் வௌவாலைக் கொல்வதல்ல. சீவிய இடத்தையும் பானையையும் மூங்கில் தட்டியால் மூடினால் வௌவால் அண்டாது என்பதை ஆய்வாளர்கள் நிரூபித்தார்கள். ஒரு சாதாரண மூங்கில் தட்டி!

இரண்டிலும் ஒரே பாடந்தான். வௌவால் தன் மரத்திலும் நாம் நம் முற்றத்திலும் இருக்கும்வரை ஆபத்து மிகக் குறைவு. மரத்தை வெட்டினால் அவை மறைந்துவிடா; வேறு ஊருக்கும், நம் மாமரத்துக்கும் சிதறிப் போகும். நாம் விலக்க நினைத்த நெருக்கத்தை நாமே உண்டாக்கியவர்களாவோம்.

எனவே சகோதரிகளே, வீட்டில் சில பழக்கங்களைக் கைக்கொள்வோம். வௌவால் கடித்த மாம்பழம், கொய்யா, ஜம்புவைக் கடித்த பகுதியை மட்டும் வெட்டிவிட்டுப் பிள்ளைகளுக்குக் கொடுக்காதீர்கள், முழுவதையும் எறிந்துவிடுங்கள். நல்ல பழங்களையும் கழுவித் தோல் சீவியே கொடுங்கள். நிலத்தில் விழுந்து கிடக்கும் வௌவால், உயிரோடு இருந்தாலும் இறந்திருந்தாலும் வெறுங்கையால் தொடவேண்டாம் என்று பிள்ளைகளுக்குச் சொல்லி வையுங்கள். கடித்தாலோ கீறினாலோ, காயத்தை ஓடும் நீரில் சவர்க்காரமிட்டு 15 நிமிடம் நன்றாகக் கழுவிவிட்டு, தாமதியாமல் ஆஸ்பத்திரிக்குப் போங்கள். சிறு காயந்தானே என்று விட்டுவிடக்கூடாது. விசர்நோய் அறிகுறிகள் தோன்றிய பின் உயிரைக் காப்பாற்றுவது அரிது.

அடுத்த முறை பேராதனைக்குப் பிள்ளைகளை அழைத்துச் சென்றால், பூக்களோடு நின்றுவிடாமல் அந்த மரங்களையும் காட்டுங்கள். சற்றுத் தள்ளி நின்று காட்டுங்கள். அந்தத் தூரமே நமக்கும் பாதுகாப்பு, அவற்றுக்கும் பாதுகாப்பு.