ஆப்டோமெட்ரிப் படிப்புக்கு ஆயத்தம்

ஆப்டோமெட்ரி என்பது பார்வையை அளந்து, குறையைக் கண்டறிந்து, கண்ணாடியாலோ கான்டாக்ட் லென்ஸாலோ பயிற்சியாலோ அதைச் சரிசெய்யும் துறை. அறுவை சிகிச்சை கண் மருத்துவரின் பொறுப்பு. ஆனால் எந்தக் கண்ணை உடனே மருத்துவரிடம் அனுப்ப வேண்டும் என்பதைப் பல நேரங்களில் முதலில் உணர்பவர் ஆப்டோமெட்ரிஸ்ட். உலக சுகாதார நிறுவனத்தின் 2019ஆம் ஆண்டுப் பார்வை அறிக்கையின்படி, உலகில் குறைந்தது 220 கோடிப் பேருக்குப் பார்வைக் குறைபாடு இருக்கிறது. அவர்களில் குறைந்தது 100 கோடிப் பேரின் குறை தடுத்திருக்கக்கூடியது, அல்லது இன்னும் கவனிக்கப்படாதது. சரியான கண்ணாடி கிடைத்தாலே தீரும் குறைகளே அதில் பெரும்பங்கு. இந்தப் படிப்பின் பயன் அங்கே இருக்கிறது.

இந்தக் கல்வியில் சென்னைக்குத் தனி இடம் உண்டு. எழும்பூர் அரசு கண் மருத்துவமனையின் தொடக்கம் 1819. டாக்டர் எஸ்.எஸ். பத்ரிநாத் 1978இல் சங்கர நேத்ராலயாவை நிறுவினார். கண்ணாடிக்குப் பவர் பார்ப்பவர்கள் டிப்ளமோவுடன் நின்றுவிடுவது வழக்கமாக இருந்த காலத்தில், அந்த அமைப்பு 1985இல் எலைட் ஸ்கூல் ஆஃப் ஆப்டோமெட்ரியைத் தொடங்கி நான்காண்டுப் பட்டப்படிப்புக்கு வழிகாட்டியது. பெர்க்லி கலிஃபோர்னியா பல்கலைக்கழகப் பேராசிரியர் ஜே எனாக் அதற்குத் துணைநின்றார். மாம்பலத்தில் மின்சார ரயில் ஏறிப் பரங்கிமலையில் இறங்கினால் போய்ச் சேரக்கூடிய தூரத்தில் அந்தக் கல்லூரி பல ஆண்டுகள் நடந்தது. 2021இல் நாடாளுமன்றம் நிறைவேற்றிய துணை மருத்துவத் தொழில்களுக்கான தேசிய ஆணையச் சட்டம் ஆப்டோமெட்ரிஸ்ட்டையும் தன் பட்டியலில் சேர்த்தது.

 பட்டப்படிப்பின் கடைசி ஓராண்டு முழுநேரப் பயிற்சி. பிளஸ் டூவில் இயற்பியல், வேதியியலோடு உயிரியலோ கணிதமோ படித்தவர்கள் சேரலாம். பயோ-மேத்ஸ் குரூப் எடுத்தவருக்கு இரண்டு பக்கமும் பழக்கம் இருக்கும். கணிதத்தை விட்டவர் முக்கோணவியலையும், உயிரியலை விட்டவர் உடற்செயலியலையும் முதலாண்டுக்குள் ஈடுகட்டிக்கொள்ள வேண்டும்.

ஆயத்தத்தில் முதலிடம் ஒளியியலுக்கு. பிளஸ் டூ இயற்பியலின் இரண்டாம் தொகுதியில் வரும் லென்ஸ் பாடத்தைத் தேர்வுக்கு மட்டும் படித்தவர் கல்லூரியில் மறுபடி அடியிலிருந்து தொடங்க நேரும். லென்ஸின் பவர், மீட்டரில் சொன்ன குவியத் தூரத்தின் தலைகீழ், அலகு டையாப்டர். அரை மீட்டரில் குவிக்கும் லென்ஸ் 2 டையாப்டர், கால் மீட்டரில் குவிப்பது 4. ப்ளஸ், மைனஸ் குறிகளைப் பிழையின்றிக் கையாளும் பழக்கம் பள்ளியிலேயே வந்துவிட வேண்டும். ஒரு குறி மாறினால் கிட்டப்பார்வைக்காரருக்குத் தூரப்பார்வைக் கண்ணாடி போய்ச் சேரும். ஒளியியலும் கண்ணும் எவ்வளவு நெருங்கியவை என்பதற்கு சி.வி. ராமன் சான்று. மெரினாவில் மாநிலக் கல்லூரி மாணவராக இருந்தபோது 1906இல் அவர் வெளியிட்ட முதல் ஆய்வுக் கட்டுரை ஒளியின் விளிம்பு விலகல் பற்றியது. 1968இல் அவர் வெளியிட்ட நூல் பார்வையின் உடற்செயலியல் பற்றியது.

கணிதத்தில் தேவைப்படுவது கடினமான கணக்கு அல்ல. மனதுக்குள் விரைவாகவும் சரியாகவும் போடும் கணக்கு. ப்ளஸ் 2 ஸ்ஃபியர், மைனஸ் 1 சிலிண்டர், ஆக்சிஸ் 180 என்று எழுதிய பவரும், ப்ளஸ் 1 ஸ்ஃபியர், ப்ளஸ் 1 சிலிண்டர், ஆக்சிஸ் 90 என்று எழுதியதும் ஒன்றே. இதைப் பார்த்த மாத்திரத்தில் மாற்றிச் சொல்ல வர வேண்டும். இரு கண்ணுக்கும் மைனஸ் 6 பவர் போடுபவரின் கண்மணிகளுக்கு இடைப்பட்ட தூரத்தை 4 மில்லிமீட்டர் தவறாக அளந்தால், கண்ணாடியில் 2.4 பிரிசம் டையாப்டர் வேண்டாமல் சேர்ந்துவிடும். பவர் சரியாக இருந்தும் அவருக்குத் தலைவலி வரக்கூடும்.

உயிரியலில் கண்ணின் படத்தை வரைந்து பாகம் குறிப்பதோடு நிறுத்தாமல், ஒவ்வொரு பாகமும் செய்யும் வேலையை எண்ணோடு சேர்த்துப் படிப்பது நல்லது. கண்ணின் மொத்தப் பவர் ஏறக்குறைய 60 டையாப்டர். அதில் 40க்கு மேல் கருவிழிப் படலத்தினுடையது. விழிக்கோளத்தின் நீளம் சுமார் 24 மில்லிமீட்டர். அது 1 மில்லிமீட்டர் கூடினால் 2.5 முதல் 3 டையாப்டர் வரை கிட்டப்பார்வை வரும். இந்த எண்கள் மனதில் பதிந்தவருக்கு, பள்ளிப் பிள்ளைகளுக்கு ஆண்டுதோறும் பவர் ஏறுவது ஏன் என்பது விளங்கும்.

பள்ளிப் பாடத்தில் இல்லாத ஆயத்தம் ஒன்று உண்டு: மக்களின் வேலையைக் கவனிப்பது. மயிலாப்பூர் மாட வீதியில் பூக்கட்டும் ஒருவருக்குக் கையிலிருக்கும் சரம் 40 சென்டிமீட்டரில் இருக்கிறது. தி. நகரில் பட்டறையில் கல் பதிப்பவருக்கு நகை 25 சென்டிமீட்டரில். அடையாறில் கணினி முன் உட்காருபவருக்குத் திரை 66 சென்டிமீட்டரில். மூவருக்கும் ஐம்பது வயதைத் தாண்டி, குவியத்தை மாற்றும் திறன் 2 டையாப்டர்தான் எஞ்சியிருக்கிறது என்று கொள்வோம். அதில் பாதியைக் கண் களைக்காமல் இருக்க ஒதுக்கிவிட்டு, மீதி 1 டையாப்டரைக் கழித்தால், பூக்கட்டுபவருக்கு 1.50, கல் பதிப்பவருக்கு 3.00, கணினிக்காரருக்கு 0.50 என்று கிட்டப் பவர் வேறுபடும். வயதை மட்டும் கேட்டு வெள்ளெழுத்துக் கண்ணாடி எழுதுபவர் மூவரில் இருவருக்காவது தவறு செய்வார். வேலையைக் கேட்டு எழுதுவதே நேர்மையான பரிசோதனை.

கேட்பதும் ஒரு பயிற்சி. “எழுத்து ரெட்டையா தெரியுது” என்று சொல்பவரிடம், ஒரு கண்ணை மூடினாலும் இரண்டாகத்தான் தெரிகிறதா என்று கேட்க வேண்டும். மூடியதும் ஒன்றாகிவிட்டால் இரு கண்களும் ஒருங்கிணைவதில் சிக்கல். அப்படியும் இரண்டாகவே தெரிந்தால் திறந்திருக்கும் கண்ணுக்குள்ளேயே காரணம் இருக்கும். “பூச்சி பறக்குற மாதிரி இருக்கு, நடுவுல மின்னல் அடிக்குது” என்று ஒருவர் திடீரெனச் சொன்னால், விழித்திரை கிழிந்திருக்கலாம் என்று எண்ணி அன்றே மருத்துவரிடம் அனுப்ப வேண்டும். பாடம் ஆங்கிலத்தில் இருக்கும், நோயாளி தமிழில் பேசுவார். ஆகவே, வீட்டிலுள்ள பெரியவர்களிடம் பார்வை பற்றி விசாரித்து, அவர்கள் சொன்னதை அப்படியே எழுதிப் பழகுவது சேருமுன்பே தொடங்கக்கூடிய வேலை.

கைத்திறன் கல்லூரியில்தான் வரும்; ஆனால் அதற்கான பொறுமையை முன்பே வளர்த்துக்கொள்ளலாம். ரெட்டினோஸ்கோப்பில் ஒளிக்கீற்றை அசைத்து, கண்ணுக்குள் தெரியும் வெளிச்சம் கூடவே நகர்கிறதா, எதிர்த்திசையில் நகர்கிறதா என்று பார்க்க வேண்டும். கூடவே நகர்ந்தால் ப்ளஸ், எதிரே நகர்ந்தால் மைனஸ் சேர்த்து, அசைவு நிற்கும் லென்ஸைக் கண்டபின், 50 சென்டிமீட்டரிலிருந்து பார்த்தவர் 2 டையாப்டரைக் கழிக்க வேண்டும். பேசத் தெரியாத குழந்தைக்கும் இப்படித்தான் பவர் கண்டறியப்படுகிறது. இது கைவர நூற்றுக்கணக்கான கண்களைப் பார்த்தாக வேண்டும்.

சேருமுன் ஒரு கண் மருத்துவமனையிலோ நல்ல ஆப்டிகல் கடையிலோ அனுமதி பெற்றுச் சில நாள் பார்த்திருப்பது பயன் தரும். சிறிய கடைகளில் 3 மீட்டர் அறையில் முகம் பார்க்கும் கண்ணாடியை மாட்டி எழுத்துப் பலகையின் தூரத்தை 6 மீட்டராக்குவார்கள். 6/6 வரியின் எழுத்து ஏறக்குறைய 8.7 மில்லிமீட்டர் உயரம். 6 மீட்டரில் அது 5 கலை (ஆர்க் மினிட்) கோணத்தை அடைக்கும். இதை அங்கேயே கணக்கிட்டுச் சரிபார்க்கலாம். பாட நூல்களை வாங்க வசதியில்லாதவர்களுக்குக் கோட்டூர்புரம் அண்ணா நூற்றாண்டு நூலகம் இருக்கிறது.

வெளிநாட்டில் படிக்க விரும்புவோர் அமைப்பின் வேறுபாட்டை அறிந்திருக்க வேண்டும். அமெரிக்காவில் முதலில் இளநிலைக் கல்லூரியில் உயிரியல், வேதியியல், இயற்பியல், புள்ளியியல் போன்ற பாடங்களைப் படித்து, நுழைவுத் தேர்வு எழுதி, அதன்பின் நான்காண்டு ஆப்டோமெட்ரி முனைவர் படிப்பில் சேர வேண்டும். இங்கே பிளஸ் டூ முடித்ததும் நேரே தொழிற்படிப்பு. அங்கே இளநிலை ஆண்டுகளில் கிடைக்கும் அடித்தளத்தை இங்குள்ள மாணவர் பிளஸ் டூவிலும் கல்லூரி முதலாண்டிலுமே பெற்றுக்கொள்ள வேண்டும். இரண்டாம் ஆண்டில் நோயாளியின் முன் உட்காரும்போது லென்ஸ் கணக்கில் தடுமாற்றம் இல்லாதவருக்கே எதிரில் இருப்பவர் சொல்வதைக் கவனித்துக் கேட்க முடியும்.